பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

அம்மாவுக்கு இருமல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. முதல் இருமல் மருந்து வாங்கிய பில் மட்டும் இருக்கிறது: 2024 மார்ச் 9, 118 ரூபாய். நான் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள், பில்லைத் தூக்கிப் போடுகிற பழக்கம் கிடையாது. அதனால்தான் அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து பத்து மாதத்தில் எவ்வளவு பணம் போனது என்று ரூபாய் சுத்தமாகச் சொல்ல முடிகிறது. வீடு மாறிய செலவையும் கொசுவலைச் செலவையும் சேர்க்காமல் 60,190 ரூபாய். அதில் உருப்படியாகப் பயன்பட்டது எவ்வளவு என்று ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், ஒன்பதாயிரம்கூட வரவில்லை. மீதியெல்லாம் தப்பான இடத்தில் போட்ட பணம். வீட்டுச் சுவரில் ஓதம் இருக்கிறதா பார் என்று யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கும். பணம் போகட்டும், அம்மா ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமிய அந்த மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

மிக்ஜாம் புயல் மழையிலிருந்துதான் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 3, 4. சென்னை பள்ளிக்கரணையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில், தரைத்தள வாடகை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டில் மூன்று ராத்திரி தங்கிவிட்டு, வடிந்த பிறகு இறங்கி வந்தோம். அந்தச் சேற்று நாற்றத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு எழுதிப் புரிய வைக்க முடியாது. இரண்டு நாள் ஆள் வைத்துக் கழுவினோம். மாநகராட்சியிலிருந்து பிளீச்சிங் பவுடர் கொடுத்தார்கள், அரசு கொடுத்த 6,000 ரூபாயும் வந்தது. நனைந்ததில் பாதியைக் குப்பையில் போட்டோம். அம்மாவின் மெத்தையை மட்டும் போடவில்லை. போடியிலிருந்து வந்த இலவம்பஞ்சு மெத்தை, அப்பா இருந்தபோது வாங்கியது. மொட்டை மாடியில் ஆறு நாள் காயவைத்தோம். மேலே கை வைத்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஈரமான பொருளில் ஒரு நாள், இரண்டு நாளிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. 48 மணி நேரத்துக்குள் உள்ளேவரை காயாத பஞ்சு, அட்டைப்பெட்டி, பிளைவுட், பழைய புத்தகம் எதையும் வீட்டுக்குள் திரும்ப எடுத்துவரக் கூடாது. பாசம் இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரியில் பெயின்ட் அடித்தேன். ஓனரிடம் கேட்டதற்கு, "வெள்ளம் நானாம்மா கொண்டுவந்தேன்? வாடகை வேணா ஒரு மாசம் ஏத்தாம விடறேன்" என்றார். சண்டை போடத் தெம்பில்லை. பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் அடிக்க 18,500 ரூபாய். படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் பட்டி சரியாகப் பிடிக்கவில்லை, பொடிப்பொடியாக உதிர்ந்தது. பெயின்டர் தம்பி அதைச் சுரண்டிவிட்டு, "வெள்ளத்து ஓதம்தான் அக்கா, மேல பிளாஸ்டிக் பெயின்ட் போட்டா அமுங்கிடும்" என்றான். அமுங்கத்தான் செய்தது. சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அமுங்கியது. அந்தச் சுவரை ஒட்டி பீரோவை நிறுத்தினோம், பீரோவை ஒட்டி அம்மாவின் கட்டில். இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பட்டி உதிர்ந்தபோதே சுவர் விஷயத்தைச் சொல்லிவிட்டது. டிசம்பரில் வந்த தண்ணீர் பிப்ரவரிவரை ஒரே ஒரு சுவரில் மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று நானோ பெயின்டரோ ஓனரோ யோசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வெள்ளம் என்று ஒரு பதில் கையில் இருந்தது. வேறு பதில் தேட அதுவே விடவில்லை.

இருமல் மார்ச்சில் சாதாரணச் சளி போலத்தான் வந்தது. தெருமுனை டாக்டர் மருந்து கொடுத்தார், குறைந்தது, திரும்ப வந்தது. ஏப்ரலில் இருமலோடு மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. எனக்கும் காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், கண்ணில் அரிப்பு. அதை அலுவலக ஏசி மேல் போட்டேன். ஜூன் வரைக்கும் டாக்டர் ஃபீஸ், மருந்து என்று 4,200. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை 2,900. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு அக்கா சொல்லி, அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கே காசு வாங்கவில்லை, காசநோய் இல்லை என்றும் வந்தது. இதை வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள். வீட்டுச் சுவரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். நான் மூன்று மாதம் கழித்துச் செய்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் புத்திசாலித்தனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு செய்த செலவுகள். ஜூலையில் 13,990 ரூபாய்க்கு ஒரு ஏர் பியூரிஃபையர் வாங்கினேன். அது மோசமான பொருள் இல்லை. அதன் ஹெப்பா ஃபில்டர் தூசியையும் புகைத்துகளையும் காற்றில் மிதக்கிற பூஞ்சை வித்துகளையும் பிடிக்கும். ஆனால் சுவரில் ஊறுகிற ஈரத்தை அது என்ன செய்யும்? குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பது மாதிரி. இன்னொரு கூத்தும் நடந்தது. பியூரிஃபையர் ஒரு மூலையில் ஓட, கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் எரிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்குக் கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்துவோம், சாத்திய அறையில் விடியவிடியச் சுருள் புகையும். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அப்பா வாசலுக்குப் போய்தான் பீடி குடிக்க வேண்டும் என்று முப்பது வருஷம் சட்டம் போட்ட அம்மா அந்தப் புகையில் தூங்கினாள். பின்னால் எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தேன், கட்டிலுக்கு ஒரு கொசுவலையும் கட்டினேன். பியூரிஃபையர் விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆனது. சுருளுக்குப் பதில் லிக்விட் போட்டால் புகை இராது, மருந்து காற்றில் இருக்கத்தான் செய்யும். அதையும் மூடிய அறையில் ராத்திரி முழுக்க ஓட விடுவதில்லை.

இதோடு விட்டேனா என்றால் இல்லை. வீட்டுக்கே வந்து காற்றைச் சோதித்துத் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் பார்த்து 6,500 ரூபாய் கொடுத்தேன். ஒரு பையன் சின்ன மிஷினோடு வந்தான், அரைமணி நேரம் இருந்தான். ஒரு வாரம் கழித்து வாயில் நுழையாத பூஞ்சைப் பெயர்களும் எண்களுமாகப் பதினொரு பக்க ரிப்போர்ட் வந்தது. இது அதிகமா, குறைவா என்று கேட்டால், "மாடரேட் மேடம்" என்கிறான். பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. வீட்டு ஓதத்தையும் பூஞ்சையையும் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதிலேயே இவ்வளவு பூஞ்சைவரை பரவாயில்லை என்று ஓர் எண் கிடையாது. ஓதம் வராமல் பார், வந்தால் சரிசெய் என்பதுதான் அதன் சாரம். அளவுகோலே இல்லாத ஒன்றை அளந்து வாங்க 6,500 ரூபாய். கண்ணுக்குத் தெரிகிற பூஞ்சைக்கோ மூக்குக்குத் தெரிகிற நாற்றத்துக்கோ சோதனை தேவையே இல்லை. அந்தப் பையன் பீரோவை நகர்த்திப் பார்க்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

உண்மையான துப்பு கிடைத்தது ஆடி மாதம் போடியில். சித்தி வீட்டில் ஒன்பது நாள் இருந்தோம். மூன்றாம் நாள் அம்மா ராத்திரி எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் இருமலே இல்லை. சித்தி தான் கொடுத்த தூதுவளைக் கஷாயம்தான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், நானும் நம்பி ஒரு கட்டுத் தூதுவளையோடு சென்னைக்குப் பஸ் ஏறினேன். வந்த இரண்டாம் ராத்திரி, கஷாயம் குடித்த ஒரு மணி நேரத்தில், பழையபடி அதே இருமல். அன்றைக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது இன்னொன்றும் கவனித்தேன். ஊறின சாக்கு மாதிரி ஒரு வாடை. அரைமணி நேரத்தில் அந்த வாடை மறைந்துவிட்டது. உண்மையில் வாடை எங்கேயும் போகவில்லை, என் மூக்கு பழகிவிட்டது. தன் வீட்டு வாடை தனக்குத் தெரியாது. வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும் அந்த முதல் இரண்டு நிமிஷத்தை வீணாக்காதீர்கள். ஃபேன் போடுவதற்கு முன்னால், ஜன்னல் திறப்பதற்கு முன்னால், அறை அறையாகப் போய் முகர்ந்து பாருங்கள். அதோடு, வீட்டில் யாருக்காவது இழுத்தடிக்கும் இருமலோ தும்மலோ இருந்தால், வெளியே தங்கும்போது குறைகிறதா, திரும்பினால் வருகிறதா என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். எந்த ரிப்போர்ட்டையும்விட அந்த ஒரு பக்கம்தான் எங்களுக்கு உதவியது.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் போனேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்விகளை வரிசையாகக் கேட்டார். வீட்டில் சுவர் ஓதம் இருக்கா, ஏசி பெட்டி மேலே, ஜன்னலில் புறா உட்காருமா, பஞ்சு மெத்தையா, சாம்பிராணி போடுவீங்களா, துணி எங்கே காயவைக்கறீங்க. புறா எச்சத்தூசியும் சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். குழாயில் ஊதிப்பார்க்கும் பரிசோதனை செய்தார். அம்மாவுக்கு மூச்சுக்குழாய் சுருங்குகிறது, ஒவ்வாமையால் வந்த ஆஸ்துமா மாதிரியான நிலை என்றார். இன்ஹேலர் கொடுத்தார், ஒவ்வொரு முறையும் இழுத்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொன்னார். பரிசோதனை, ஃபீஸ், மருந்து எல்லாம் சேர்த்து 6,450. "மருந்து நான் தரேன், ஆனா வீட்டை நீங்கதான் பார்க்கணும்" என்றார். அம்மாவுக்கு இன்ஹேலர் என்றாலே பயம், "பழகிடும், விட முடியாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். அவளைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுப் பீரோவை நகர்த்தினேன். சுவரில் என் உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாக, சில இடத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி. பிளாஸ்டிக் பெயின்ட் கொப்பளித்து உரிந்து தொங்கியது. பீரோவின் முதுகு துருப்பிடித்திருந்தது. கீழ்த்தட்டில் இருந்த அம்மாவின் இரண்டு பட்டுப்புடவைகளில் புள்ளி புள்ளியாக வெள்ளை. தலைமாட்டிலிருந்து அந்தச் சுவருக்கு ஒன்றரை அடிகூட இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, புடவையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் செய்த காரியம்தான் இந்தப் பத்து மாதத்தில் மிக ஆபத்தானது.

வெள்ளத்தின்போது கொடுத்த பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தது. அதை வாளியில் கரைத்து, மாஸ்க் இல்லாமல், ஜன்னலைத் திறக்காமல், துடைப்பத்தால் சுவரைத் தேய்த்தேன். அழுக்குத் தண்ணீரை அப்படியே குளியலறையில் கொட்டினேன். வந்த கையோடு குளியலறையையும் கழுவிவிடலாம் என்று தரையில் டாய்லெட் ஆசிட்டை ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு ஒரு காரமான நெடி எழுந்தது. ஒரே மூச்சுதான் இழுத்திருப்பேன். தொண்டையில் கத்தி வைத்த மாதிரி, மூச்சை விடவும் முடியவில்லை இழுக்கவும் முடியவில்லை. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. எப்படி வாசலுக்கு வந்தேன் என்று நினைவில்லை. தம்பிதான் ஆட்டோ பிடித்தான். மருத்துவமனையில் ஆக்சிஜன், நெபுலைசர், ஒரு ராத்திரி கண்காணிப்பு, 5,800 ரூபாய். அப்போது சரியாகிவிட்ட மாதிரி இருந்தாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், அதனால்தான் வைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடோ வினிகரோடோ எலுமிச்சையோடோ சேர்க்காதீர்கள், அம்மோனியா கலந்த எந்தக் கிளீனரோடும் சேர்க்காதீர்கள். ஒன்றை ஊற்றிய இடத்தில் அன்றைக்கு இன்னொன்று வேண்டாம். தெரியாமல் கலந்துவிட்டால் கழுவிவிட்டு வருகிறேன் என்று அங்கேயே நிற்காதீர்கள், கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே ஓடிவிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து நிதானம் வந்தது. இந்தத் தடவை முதலில் கேட்ட கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். ஊரில் கொத்தனார் வேலை பார்க்கிற மாமா ஃபோனில் ஒரு வழி சொன்னார். சுவரில் ஒரு முழத்துக்கு அலுமினியத் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடச் சொன்னார். பிரிக்கும்போது அறைப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக்காற்றின் ஈரம் படிகிறது, சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுக்குச் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நின்றது. அப்புறம் மாமா இன்னொன்று கேட்டார்: "ஈரம் தரையிலிருந்து ஏறுதா, நடுவுல இருந்து பரவுதா?" பார்த்தால் கறை நான்கடி உயரத்தில்தான் அடர்த்தி, கீழே வரவர வெளிறியது. தரையிலிருந்து ஏறும் ஓதம் கீழேதான் கெட்டியாக இருக்கும். நான்கடி உயரத்தில், சுவரின் அந்தப் பக்கம், எங்கள் ஷவர் குழாய். பிளம்பர் வந்து இரண்டு டைல்ஸை உடைத்தார். சுவருக்குள் ஒரு எல்போ ஜாயின்ட்டில் சொட்டு சொட்டாகக் கசிவு. எத்தனை வருஷமாகவோ தெரியாது, வெள்ளத்துக்கு முந்தியதாகவே இருக்கலாம் என்றார். பிளம்பருக்கு 1,200 ரூபாய். பெயின்டுக்குக் கொடுத்த 18,500 ரூபாயும் ஒரு சொட்டுக் குழாயின் மேல் பூசிய பூச்சு.

சுவரைச் சுத்தம் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதலில் செய்ததெல்லாம் தலைகீழ். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். முதலில் அம்மாவை மாடி வீட்டுக்கு அனுப்பினேன். அறைக்கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத்துணி வைத்து, ஜன்னலைத் திறந்து, ஃபேனை அணைத்துவிட்டு, என்-95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்த பிறகுதான் சுரண்டினோம். பீரோவின் முதுகு மாதிரி வழவழப்பான பரப்புக்குச் சோப்புத் தண்ணீரே போதும், துடைத்துக் காயவைத்தால் சரி. உதிர்ந்துபோன சிமென்ட் பூச்சைக் கழுவிப் பயனில்லை, செங்கல் தெரிகிறவரை கொத்தி எடுக்க வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி அளவு என்றால் நாமே செய்துகொள்ளலாம், அதற்கு மேல் பரவியிருந்தால் ஆள் வைப்பது நல்லது, ஆஸ்துமா இருப்பவர்கள் கிட்டேயே போகக் கூடாது. கொத்திய இடத்தைப் பூசிய பிறகு மேஸ்திரி மூன்றே நாளில் பெயின்ட் அடிக்கச் சொன்னார். நான் ஒரு மாதம் வெறும் சுவராகவே விட்டேன். அந்த மெத்தையும் அன்றைக்குத்தான் வீட்டைவிட்டுப் போனது. உறையைக் கிழித்துப் பார்த்தேன், நடுப்பஞ்சு கறுத்துக் கட்டியாகியிருந்தது.

ஓனர் விஷயம் தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கொத்து வேலையையும் பூச்சையும் வேண்டாவெறுப்பாகச் செய்துகொடுத்தார். ஜனவரியில் காலி செய்தபோது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகை 14,000 ரூபாயைப் பிடித்தார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்தது, அதன் இரண்டாம் அட்டவணையிலேயே எந்த வேலை யார் பொறுப்பு என்று இருக்கிறது. குடியிருப்பவரால் வந்த சேதம் இல்லையென்றால் கட்டட ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அந்தப் பக்கத்தையும், தேதியோடு இருந்த போட்டோக்களையும், பிளம்பர் பில்லையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 7,000 திரும்பி வந்தது. பிப்ரவரியில் பட்டி உதிர்ந்தபோதே ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தால் முழுதும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஓதம் கண்ட அன்றே, போட்டோவோடு, எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று பேசியதெல்லாம் பின்னால் யாருக்கும் நினைவில் இருக்காது.

நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் 650 ரூபாய் ஹியூமிடிட்டி மீட்டர். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சைக்குப் பிடிமானம் குறைவு. சென்னையில் அது லேசு இல்லை, ஐப்பசி, கார்த்திகையில் வெளியே காற்றே 80-ஐத் தாண்டும். இங்கே ஒரு குழப்பம் வரும், எனக்கும் வந்தது. காற்றோட்டம் நல்லது, ஜன்னலைத் திற என்கிறார்கள், மழைநாளில் திறந்தால் மீட்டர் ஏறுகிறது. ஜன்னலைத் திறந்தால் புகையும் நெடியும் வெளியே போகும், ஆனால் வெளியே நசநசவென்று இருக்கும்போது அதனால் வீடு காயாது. சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன், மற்ற நேரத்தில் மீட்டரைப் பார்த்து முடிவு, மழைக்காலத்தில் ஏசியை டிரை மோடில் இரண்டு மணி நேரம். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. இதை நான் நாற்பது வயதுவரை தப்பாக நினைத்திருந்தேன். மழையென்றால் ஹாலில் கொடி கட்டித் துணி உலர்த்துவோமே, ஒரு நாள் மீட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் 68-லிருந்து 81. துணி காய்கிறது என்றால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் போகிறது. சாம்பிராணியை அம்மா விடமாட்டேன் என்றாள், வெள்ளிக்கிழமை மட்டும், ஜன்னல் திறந்து, வாசல் பக்கம் என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது.

தை மாதம் வீடு தேடினேன். மடிப்பாக்கத்தில் ஒரு வீடு எல்லா விதத்திலும் பிடித்திருந்தது, குளியலறைக்கு உள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தார்கள், ஜன்னல் கையகலம். வேண்டாம் என்றேன். காற்று போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றத்துக்கு ஒன்றைக் கலந்திருக்கிறார்கள், எரிந்து வரும் இந்த வாயுவுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுற்றுகிறது என்று உட்காரும்போதே எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு போயிருக்கும். கேஸ் கீசர் வேண்டுமென்றால் வெளியே காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். வந்த தரகருக்கு என் மேல் கோபம்.

கடைசியில் கிடைத்தது முதல் மாடி, மேற்கு வெயில் அடிக்கிற வீடு, வாடகை 1,500 அதிகம். பார்க்கப் போனபோது குளியலறையை ஒட்டிய சுவரில் கை வைத்து, சமையலறை சிங்க் அடியில் தலையை விட்டு, பரணைத் திறந்து, ஒவ்வொரு மூலையாக முகர்ந்தேன். வீட்டுக்கார அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னம்மா, கறிவேப்பிலை வாங்கற மாதிரி மோந்து மோந்து பார்க்கறே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவரே என்னைக் கூட்டிப்போய்த் தன் பீரோவை நகர்த்தச் சொன்னார்.

அம்மா இப்போது இன்ஹேலரைக் குறைந்த அளவில் காலையில் மட்டும் எடுக்கிறாள், டாக்டர் சொல்லித்தான். பீரோ சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நிற்கிறது. நேற்றுச் சாயங்காலம் தூறல், மீட்டர் 71 காட்டியது. ஹாலில் கட்டிய கொடியை அவிழ்த்து, துணியையெல்லாம் வாளியில் அள்ளி மாடிப்படிப் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன்.